"வரிக்காக நிறுத்தி வெச்சிருக்கோம்": சிங்கப்பூர் கம்பெனியிடமிருந்து கடைசிச் சம்பளத்தை வாங்கிய கதை

(எபிசோடின் பேச்சிலிருந்து திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. இன்னைக்குப் பணம்.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வேலையை விடும்போது, கடைசிச் சம்பளம் கைக்கு வராமல் நிற்பது ரொம்ப சாதாரணம். கேட்டால் ஒரே பதில்: "டாக்ஸ் இஷ்யூ, பார்த்துக்கிட்டு இருக்கோம்." வரி என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் அமைதியாகிவிடுகிறோம். அது அரசாங்க விஷயம், நமக்கு என்ன தெரியும் என்று ஒரு பயம். இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒன்றே ஒன்றுதான். வரிக்காகப் பணத்தை நிறுத்தி வைக்க கம்பெனிக்கு உரிமை இருக்கலாம். ஆனால் அந்த உரிமைக்கு ஒரு தொகை இருக்கு, ஒரு கடைசித் தேதியும் இருக்கு. அந்த இரண்டையும் நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

முதலிலேயே சொல்லிடறேன். நான் ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்த ஆள். என் சொந்தக் கேஸில் ஒவ்வொரு விதியையும் அரசாங்கத் தளத்திலேயே படித்து, கூட்டிக் கழித்துப் பார்த்தவன், அவ்வளவுதான். கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்லை. கமென்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கணக்கு இதுதான்

2021 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு சின்ன ஃபின்டெக் கம்பெனியில் சேர்ந்தேன். எம்ப்ளாய்மென்ட் பாஸ். முதல் வருஷம் மாசம் 6,000 வெள்ளி. டாலரை அங்கே நம்ம ஆளுங்க வெள்ளி என்றுதான் சொல்லுவாங்க, எனக்கும் அது ஒட்டிக்கிச்சு. 2022-ல் 6,500. சிண்டாவுக்குப் போகும் சின்னப் பிடித்தம் மாதிரியானவற்றைக் கணக்கில் சேர்க்கலை, எளிமைக்காக.

2022 ஜூன் 30 அன்று ராஜினாமா. ஒரு மாத நோட்டீஸ். ஜூலை 31 கடைசி நாள். சென்னையில் ஓஎம்ஆரில் வேறு வேலை ரெடி.

எனக்கு வரவேண்டியது என்ன? ஜூலை சம்பளம் 6,500. எடுக்காத லீவு 8 நாள். ஒரு நாள் சம்பளம் எப்படிக் கணக்கிடுவாங்கன்னா, மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, வருஷத்தின் வேலை நாட்களால், அதாவது 52 வாரம் பெருக்கல் 5 நாளால், வகுக்கணும். 6,500-க்கு சரியா 300 வெள்ளி. 8 நாளுக்கு 2,400. ஆக மொத்தம் 8,900 வெள்ளி. அன்றைய ரேட்டில் சுமார் 5 லட்சம் ரூபாய்.

இது போக ஒரு போனஸ் கடிதம். ஜூன் நடுவில் கொடுத்தாங்க. 2021-ல் செய்த வேலைக்காக 9,000 வெள்ளி, ஜூலை சம்பளத்தோடு வரும் என்று எழுதியிருந்தது. நான் ராஜினாமா கொடுத்த அடுத்த வாரம், போனஸ் ரத்து என்று ஒரு வரி மெயில்.

அப்போ வீட்டு நிலைமை என்னன்னா, தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் ஆகஸ்டில் கட்டணும். அப்பா ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். அந்த 8,900-ஐ நம்பித்தான் ஃபீஸுக்கு "நான் பார்த்துக்கறேன்பா" என்று சொல்லியிருந்தேன்.

நிறுத்தி வைப்பது சட்டப்படி சரியே

இங்கே நிறைய பேர் தடுமாறுவாங்க. ஜூலை சம்பளம் வராதபோது நேரா "சம்பளத் திருட்டு" என்று மெயில் அனுப்பினால், கம்பெனி சிரிக்கும். ஏன்னா சிங்கப்பூரில் அந்த நிறுத்தம் சட்டம் போட்ட கடமை.

நம்ம ஊரில் மாதா மாதம் டிடிஎஸ் பிடிச்சுடுவாங்க. சிங்கப்பூரில் பிடிக்க மாட்டாங்க. முழுச் சம்பளமும் கைக்கு வரும், அடுத்த வருஷம் நீங்களே வரி கட்டணும். அப்போ ஒரு வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு ஃப்ளைட் ஏறிட்டா வரி யார் கட்டுவாங்க? அதுக்குத்தான் டாக்ஸ் கிளியரன்ஸ். நீங்க வேலையை விடப்போறீங்கன்னு தெரிந்ததுமே கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய எல்லாப் பணத்தையும் நிறுத்தி வைக்கணும். ஐஆர்21 என்ற படிவத்தை, கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னாடி, அந்த நாட்டு வருமான வரித் துறைக்கு அனுப்பணும். அந்தத் துறையை அங்கே எல்லோரும் ஐராஸ் என்பாங்க.

ஐராஸ் கணக்குப் போட்டு, "இவர் இவ்வளவு வரி கட்டணும், நீங்க பிடித்து வைத்திருப்பதிலிருந்து அனுப்புங்க" என்று கம்பெனிக்கு உத்தரவு அனுப்பும். கம்பெனி அதைக் கட்டிவிட்டு மீதியை உங்களிடம் கொடுக்கணும்.

இப்போ அந்தக் கடைசித் தேதி. கிளியரன்ஸ் வரும் வரை, அல்லது ஐராஸுக்கு படிவம் போய்ச் சேர்ந்து 30 நாள், இதில் எது முதலில் வருதோ அதுவரைக்கும்தான் நிறுத்தி வைக்கலாம். இந்த ஒரு வரியைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. "ப்ராசஸ் ஆகிட்டிருக்கு" என்ற பதிலுக்கு ஆயுள் 30 நாள்.

பேப்பரை நீங்களே பாருங்க

ஆகஸ்ட் 8. எச்ஆரிடமிருந்து பதில்: "டாக்ஸ் கிளியரன்ஸ் இன்னும் வரலை. வந்ததும் சொல்றோம்."

என் டீமில் ஒரு சீனியர் இருந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்கு ஃபோன் பண்ணினேன். "அண்ணே, வரின்னு சொல்றாங்க, எவ்வளவு நாள் ஆகும்?" அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, நீங்க ஐராஸ் போர்ட்டல்ல பார்த்தீங்களா? உங்க பேர்லதானே வரி, உங்களுக்குத்தானே லெட்டர் வரும்?"

அன்னைக்கு ராத்திரியே சிங்பாஸ் போட்டு உள்ளே போனேன். நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட், அதாவது வரி மதிப்பீட்டு அறிவிப்பு, அங்கேயே இருந்தது. தேதி ஜூலை 20. கடைசி நாளுக்கு 11 நாள் முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கு. எச்ஆர் "வரலை" என்று சொன்னது வந்து 19 நாள் கழித்து.

அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே இருந்த எண். வேலை வருமானம்: 56,900 வெள்ளி.

நான் ஜனவரி முதல் ஜூலை வரை வாங்கியதும் வாங்க வேண்டியதும் 7 மாதச் சம்பளம் 45,500, லீவுப் பணம் 2,400, மொத்தம் 47,900. 56,900-ல் இதைக் கழிச்சா சரியா 9,000. ரத்து செய்த அதே போனஸ்!

கம்பெனியின் சம்பளக் கணக்கை ஒரு வெளி நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவங்களிடம் ஐஆர்21 நகல் ஒன்று வேண்டும் என்று மரியாதையாக ஒரு மெயில். மறுநாள் ஒன்பதாம் தேதி நேஷனல் டே லீவு, அதற்கடுத்த நாள் காலையில் அனுப்பிட்டாங்க. அந்தப் படிவத்தில் போனஸுக்குத் தனிக் கட்டம் இருக்கு. 9,000 வெள்ளி, கொடுக்கும் தேதி 2022 ஜூலை 25 என்று நிரப்பியிருந்தாங்க.

இப்போ நிலைமை என்னன்னு பாருங்க. வரித் துறையிடம் "இவருக்கு 9,000 கொடுத்தோம்" என்கிறது கம்பெனி. என்னிடம் "உனக்கு 9,000 கிடையாது" என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. நடுவில் நான், கையில் வராத 9,000-க்கு வரி கட்டிக்கொண்டிருக்கேன்.

எவ்வளவு வரி? அந்த வருமான அளவில் 40,000 வெள்ளிக்கு மேல் 7 சதவீதம். 9,000-க்கு 630 வெள்ளி. முழுக் கணக்கையும் சொல்றேன், உங்களுக்கு இப்படிப் போட்டுப் பார்க்க உதவும். அந்த வருஷம் நான் 183 நாளுக்கு மேல் அங்கே இருந்ததால் குடியிருப்பாளர் விகிதம். முதல் 20,000-க்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5 சதவீதம், அப்புறம் 7. சம்பாதிப்பவருக்கான கழிவு 1,000. சரியான வருமானத்துக்கு வரி 1,033. ஐராஸ் நோட்டீஸில் இருந்தது 1,663.

இன்னொரு பாக்கியும் உண்டு. 2021-ம் வருஷ வருமானத்துக்கு 2,720 வெள்ளி வரி. அதை 12 தவணையாக வங்கியிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தேன். மூன்று தவணை போயிருந்தது. நாட்டை விட்டுக் கிளம்பும்போது மீதித் தவணையெல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும். அது 2,040. நீங்க கிளம்பும்போது இந்தத் தொகையைக் கணக்கில் வெச்சுக்கோங்க, நிறைய பேருக்கு இது அதிர்ச்சியாக வரும்.

ஆக, கம்பெனி ஐராஸுக்குக் கட்டியது 1,663 கூட்டல் 2,040, அதாவது 3,703. கையில் வைத்திருந்தது 8,900. மீதி 5,197 வெள்ளி. அந்த 5,197-க்கும் வரிக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. அது என் பணம்.

மெயில் எப்படி எழுதினேன்

கோபம் இருந்தது. மறைக்கலை. ஆனா மெயிலில் கோபம் ஒரு வரி கூட இல்லை. நாலே நாலு பத்தி.

முதல் பத்தி: ஐராஸ் நோட்டீஸின் தேதி ஜூலை 20, இணைப்பில் இருக்கிறது. இரண்டாவது: நீங்கள் நிறுத்தி வைத்தது 8,900, கட்டியது 3,703, மீதி 5,197. இதை எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்? மூன்றாவது: ஐஆர்21-ல் 9,000 போனஸ் கொடுத்ததாக உள்ளது. கொடுத்தால் பணத்தை அனுப்புங்கள். கொடுக்கவில்லையென்றால் திருத்திய ஐஆர்21 போடுங்கள். நான்காவது: ஆகஸ்ட் 15-க்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் டாடமில் மனு செய்வேன்.

இதில் கவனிங்க. "அநியாயம்", "ஏமாத்தறீங்க" எதுவும் இல்லை. நாளைக்கு மூன்றாவது ஆள் ஒருத்தர் இந்த மெயிலைப் படிப்பார் என்று நினைச்சு எழுதணும். அவருக்கு உங்க மனசு தெரியாது, தேதியும் எண்ணும்தான் தெரியும். நம்ம பாஷையில் சொன்னா நல்ல பக் ரிப்போர்ட் மாதிரி. எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, ஆதாரம் எங்கே. அவ்வளவுதான்.

அதே நேரத்தில் ஐராஸுக்கும் தனியாக எழுதினேன். தனி நபருக்கு மதிப்பீட்டு நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கணும். என் நோட்டீஸ் ஜூலை 20. அதனால் ஆகஸ்ட் 19 வரை. கம்பெனி திருத்தும் என்று காத்திருந்தால் அந்த நாள் போயிடும். ஆகஸ்ட் 12 அன்று போர்ட்டல் வழியாகவே ஆட்சேபம் போட்டேன். சம்பள ஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட், போனஸை ரத்து செய்த அந்த ஒரு வரி மெயில். மூன்றும் இணைப்பு.

பயம் எங்கே இருந்தது

எச்ஆரிடமிருந்து அடுத்த நாள் மெயில் வரலை, ஃபோன் வந்தது. குரல் ரொம்ப இனிமை. "இதையெல்லாம் சுமுகமா முடிச்சுக்கலாமே. உங்க சர்வீஸ் லெட்டர் கூட நாங்க இன்னும் தரலையே. எல்லாம் செட்டில் ஆனதும் சேர்த்து அனுப்பறோம்."

மிரட்டல்னு சொல்ல முடியாது. ஆனா புரிஞ்சுது. சென்னையில் புது கம்பெனி ரிலீவிங் லெட்டர் கேட்டிருந்தது. செப்டம்பர் முதல் வாரம் ஜாயினிங். லெட்டர் இல்லாட்டி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நிற்கும். என் ரூம்மேட் வேற, "டேய், 5 லட்சத்துக்காக வேலையே போயிடப் போகுது, விட்டுட்டுக் கிளம்பு" என்றான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்மாகிட்ட சொல்லவும் மனசு வரலை.

மறுநாள் காலையில் சென்னை கம்பெனி எச்ஆருக்கே நேரா ஃபோன் போட்டேன். "மேடம், பழைய கம்பெனியோட ஒரு சம்பளப் பாக்கி விவகாரம் இருக்கு. லெட்டர் லேட் ஆகலாம். வேறு என்ன ஆதாரம் ஏத்துக்குவீங்க?" அவங்க ரொம்ப சாதாரணமா, "எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேன்சல் ஆன லெட்டர், கடைசி மூணு மாச பேஸ்லிப், ராஜினாமாவை ஏத்துக்கிட்ட மெயில் இருந்தா போதுங்க" என்றாங்க.

அந்த ஒரு ஃபோன் காலோட கம்பெனி கையிலிருந்த கயிறு அறுந்தது. உங்களைப் பிடித்து வைத்திருப்பது என்ன என்று கண்டுபிடிச்சு, அதை வேறு வழியில் முடிச்சுக்க முடியுமா என்று முதலில் பாருங்க. பெரும்பாலும் முடியும்.

டாடம்

ஆகஸ்ட் 15 தாண்டியது. பதில் இல்லை. 16-ம் தேதி டாடமில் மனு.

டாடம் என்பது சிங்கப்பூரில் வேலைத் தகராறுகளுக்கான முத்தரப்பு அமைப்பு. அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம் மூன்றும் சேர்ந்தது. 2017-ல் ஆரம்பித்தாங்க. வேலையை விட்டவர்கள் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்யணும். முதலில் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால் வேலைவாய்ப்பு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சங்கத்தின் வழியாக வந்தால் 30,000. அங்கே வக்கீல் வைக்க இரண்டு பக்கத்துக்கும் அனுமதி இல்லை. அதனால் "அவங்க பெரிய வக்கீலை இறக்குவாங்க" என்ற பயம் தேவையில்லை.

இன்னொன்று. 2019 ஏப்ரலுக்கு முன்னாடி, மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கும் மேனேஜர், எக்ஸிகியூட்டிவ் ஆட்களுக்கு அந்த நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தாது. அந்த வரம்பை எடுத்துட்டாங்க. இப்போ ஐடி ஆளுங்களும் உள்ளே வருவோம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேன்சல் ஆனதும் கையில் இருந்தது 30 நாள் குறுகிய கால விசிட் பாஸ். ஆகஸ்ட் 28 சென்னைக்குக் கிளம்பினேன். சமரசப் பேச்சு செப்டம்பரில், வீடியோ காலில்.

அந்தப் பேச்சில் 5,197 பற்றி வாதமே நடக்கலை. சமரசம் செய்பவர் ஐராஸ் நோட்டீஸ் தேதியைப் பார்த்தார், கம்பெனியைப் பார்த்தார். அவங்க "தாமதம் ஆயிடுச்சு, கொடுத்துடறோம்" என்றாங்க. முழு நேரமும் போனஸுக்குத்தான் போனது.

கம்பெனி வாதம்: கான்ட்ராக்டில் போனஸ் நிர்வாகத்தின் விருப்பம் என்று எழுதியிருக்கு. அது உண்மை. என் வாதம்: விருப்பம்தான், ஆனால் விருப்பப்பட்டு முடிவு செய்து, தொகை எழுதி, தேதி எழுதி கடிதம் கொடுத்துட்டீங்க. வரித் துறைக்கும் அதையே எழுதிக் கொடுத்துட்டீங்க. நான் அந்த இரண்டு பேப்பரையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வெச்சேன். அதுக்கு மேல் ஒரு வார்த்தை பேசலை.

ஐந்து நிமிஷம் தனியா பேசிட்டு வந்தாங்க. பாதி தர்றோம், 4,500 என்றாங்க.

இங்கே முடிவு எடுக்கணும். நடுவர் மன்றத்துக்குப் போனால் முழு 9,000 கிடைக்கலாம். "விருப்பம்" என்ற அந்த ஒரு வார்த்தையால் சைபரும் கிடைக்கலாம். சென்னையில் புது வேலை, மாதக் கணக்கில் இழுத்தால் லீவு போட்டு உட்காரணும். நான் 4,500-க்கு ஒத்துக்கிட்டேன். சில பேர் என்னிடம் "ஏன் விட்டே, முழுசா அடிச்சிருக்கலாமே" என்று கேட்டாங்க. 5,197 எனக்கு உரிமை, அதில் ஒரு வெள்ளி குறைத்திருந்தாலும் எழுந்து போயிருப்பேன். போனஸ் வாதத்துக்கு உரியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதச் சொன்னேன். பணம் வரும் தேதி. திருத்திய ஐஆர்21 போடும் தேதி, அதில் போனஸ் 9,000-க்குப் பதில் 4,500. அப்புறம் சர்வீஸ் லெட்டர். டாடமில் போட்ட ஒப்பந்தத்தை கம்பெனி மீறினால், நீதிமன்றத்தில் பதிவு செய்து உத்தரவாக அமல்படுத்த முடியும். வெறும் மெயில் வாக்குறுதிக்கு அந்த பலம் கிடையாது.

செப்டம்பர் கடைசியில் 9,697 வெள்ளி வந்தது. படிவம் திருத்தியபின் வரி 1,348 ஆனது. கூடுதலாகக் கட்டிய 315 வெள்ளியை ஐராஸ் என் சிங்கப்பூர் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பியது. இதுக்காகத்தான் சொல்றேன், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வங்கிக் கணக்கை மூடிடாதீங்க. ரீஃபண்ட் வர இடம் வேணும்.

தங்கச்சி ஃபீஸ்? ஒரு ஃபிரெண்டிடம் கைமாத்தா வாங்கிக் கட்டியாச்சு, அக்டோபரில் திருப்பிக் கொடுத்தாச்சு.

இந்தியா பக்கம் ஒரு வரி இருக்கு

"சிங்கப்பூரில் வரி கட்டியாச்சு, இங்கே எதுக்கு?" இதைத்தான் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கேட்பாங்க.

நம்ம நிதி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச். அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்க ரெசிடென்ட். நான் ஆகஸ்ட் 28-ல் வந்தேன், மார்ச் 31 வரை 216 நாள். அதோடு வெளிநாட்டில் இருந்தது ஒன்றரை வருஷம்தான், அதனால் நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகை நிலையும் எனக்குக் கிடையாது. அப்போ ஏப்ரல் முதல் நான் சிங்கப்பூரில் சம்பாதித்ததும் இந்திய ரிட்டர்னில் வரணும்.

இரட்டை வரி வராமல் இருக்க இந்தியா, சிங்கப்பூர் இடையே 1994-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கு. அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாம். நான் போட்டபோது அதற்குப் படிவம் 67. ஆனா முழு 1,348-ஐயும் கழிக்க முடியாது. அங்கே வருஷம் ஜனவரியில் ஆரம்பம், இங்கே ஏப்ரலில். ஏப்ரல் முதல் வந்த 4 மாதச் சம்பளம், லீவுப் பணம், போனஸ் சேர்த்து 32,900 வெள்ளி. மொத்த வருமானம் 52,400. அந்த விகிதத்தில் வரி சுமார் 846 வெள்ளி. அதுவும் அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரியைத் தாண்டிக் கழிக்க முடியாது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்தத் தப்பான 9,000 திருத்தப்படாமல் இருந்திருந்தால், இங்கேயும் வருமானம் ஒன்று, வரித் தாள் இன்னொன்று என்று நின்றிருக்கும். ஒரு கட்டத்தில் போட்ட தப்பு எண் இரண்டு நாட்டு ரிட்டர்னிலும் ஓடும். அதனால் இறுதியான நோட்டீஸ் வந்த பிறகு அதை வெச்சு இந்திய ரிட்டர்ன் போடுங்க. திறந்து வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டணும், அதில் 10 வெள்ளி இருந்தாலும். 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

வேறு நாட்டில் இருந்தால்

விதி மாறும், கேள்வி மாறாது: எவ்வளவு தொகை, எந்தத் தேதி வரை, எந்தப் பேப்பர்.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. அங்கே யாராவது "டாக்ஸுக்காக நிறுத்தியிருக்கோம்" என்றால் அந்த வாக்கியமே தப்பு. கான்ட்ராக்ட் முடிந்து 14 நாளுக்குள் கணக்கை முடிக்கணும் என்பது அங்கே சட்டம். ஜெர்மனியில் கம்பெனி மாதா மாதம் வரி பிடிக்கும், வருஷச் சான்றிதழை அடுத்த பிப்ரவரி முடிவுக்குள் வரித் துறைக்கு மின்னணுவாக அனுப்பணும். ஆனா அங்கே நிறைய கான்ட்ராக்டில், 3 மாதத்துக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் பாக்கியைக் கேட்கும் உரிமையே போகும் என்று ஒரு பிரிவு இருக்கும். முதலில் அதைத் தேடுங்க.

இதைக் கேட்கும் உங்க வீட்டில், ஊரில், சிங்கப்பூரில் வொர்க் பர்மிட்டில் கட்டட வேலை பார்ப்பவர்கள் இருக்கலாம். அவங்களுக்கும் இதே டாடம்தான், இதே 6 மாதம்தான். சம்பள பேஸ்லிப் கொடுக்க வேண்டியது அங்கே 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். மாசா மாசம் அதை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்ஆப் பண்ணச் சொல்லுங்க. ஃபோன் தொலைஞ்சாலும் ஊரில் ஒரு காப்பி இருக்கும்.

கடைசியா, ராஜினாமா கொடுக்கும் வாரத்தில் செய்ய வேண்டியது. ஆஃபீஸ் மெயில் மூடுவதற்கு முன்னாடி உங்க கான்ட்ராக்ட், எல்லா பேஸ்லிப், லீவு பாக்கி காட்டும் ஸ்கிரீன், உங்களுக்குக் கொடுத்த கடிதங்கள், இவற்றை எடுத்து வெச்சுக்கோங்க. உங்களோட பேப்பர் மட்டும், கம்பெனி கோடோ டேட்டாவோ தொடாதீங்க. ஐஆர்21 மாதிரிப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்க. ஒரு காகிதத்தில் "எனக்கு வரவேண்டியது, நான் கட்டவேண்டியது" என்று இரண்டு பத்தி போட்டு நீங்களே கணக்குப் போடுங்க. கம்பெனியோட எண் வரும்போது உங்க எண்ணோடு ஒப்பிட ஏதாவது இருக்கணும் இல்லையா?

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா, எந்த நாடு, எத்தனை நாள் இழுத்தாங்க, எப்படி முடிஞ்சுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம், தேதியும் தொகையும் போதும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.